ஏட்டுச் சுரைக்காய்: ஒரு சொல்லும் அதன் வழக்கும்

தமிழில் கல்வியைப் போற்றும் பழமொழிகள் பல உள. கல்வியைப் பழிக்கும் பழமொழிகளும் சில உள. பின்னவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பதாகும். அனுபவத்தோடு சேராத படிப்பைக் கண்டிப்பதற்கு இதைக்காட்டிலும் சுருக்கமான வாசகம் நம்மிடம் இல்லை. ஆயின், அண்மைக் காலத்தில் இப்பழமொழியின் வீச்சு விரிந்துள்ளது. வேலையற்ற பட்டதாரிகளைப் பற்றிய விவாதம் இலங்கையில் எழும்போதெல்லாம், கலைத்துறைப் படிப்பு முழுவதையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவதற்கு இவ்வாசகம் பயன்படுகிறது. தமிழும் வரலாறும் மெய்யியலும் பயில்வோரிடம் இதனைக் கூறுவோர், வாதம் இத்துடன் முடிந்தது என்ற பாவனையிலேயே கூறுகின்றனர்.

பழமொழியை மறுப்பது கடினம். அது யாருடைய கூற்றும் அன்று. ஆகையால் பதில் சொல்லவேண்டியவர் எவரும் அதன் பின்னால் இல்லை. எனினும் பழமொழியும் சொற்களால் ஆனதே. அதன் சொற்களை ஆராயும் உரிமை தமிழ் பயில்வோர்க்கு உண்டு. சுரைக்காய் என்னும் சொல் நம் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் சமயநூற் பெயர்ப்பிலும் அன்றாட வழக்கிலும் எவ்வாறு நிற்கிறது என்பதைக் கண்டபின், பழமொழி உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரை என்பது பழந்தமிழ்ச் சொல். கொடியையும் அதன் காயையும் குறிப்பதோடு, உட்டுளை அல்லது உள்ளீடற்ற தன்மையையும், வேலின் காம்பு செருகப்படும் குழலையும் அது குறிக்கும். பசுவின் மடியையும் சுரை என்பர். இப்பொருள் சுரத்தல் என்னும் வினையோடு இயைவது. நிகண்டு மரபில் அலாபு என்னும் வடசொல்லும் சுரையைக் குறிக்க வரும். இவ்வடசொல்லின் வழிவந்த 'லபு' என்பதே சிங்களத்தில் இக்காய்க்குப் பெயர். மலாய் மொழியில் 'லாபு' என்பது சுரை, பூசணி முதலியவற்றுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. அம்பாறை மாவட்டச் சந்தையொன்றில் ஒரே காய் ஒருபுறம் சுரைக்காயாகவும் மறுபுறம் லபுவாகவும் விலைபேசப்படும்போது, இருவேறு சொல்மரபுகள் ஒரு தராசில் சந்திக்கின்றன.

இத்தகைய ஒரு சொல்லை நம் அகராதிகள் எவ்வாறு நடத்துகின்றன? பழைய தமிழ் அகராதிகளில் பயிர்களுக்கும் மீன்களுக்கும் 'ஓர் கொடி', 'ஓர் பூடு', 'ஓர் மீன்' என்று பொருள் கூறிச் செல்லும் வழக்கம் உண்டு. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி முதலாக இம்முறையைக் காணலாம். அந்நாளில் சொற்களைத் திரட்டுவதே பெரும்பணியாக இருந்தமையால் அதனைக் குறையெனல் நியாயமன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) தாவரப் பெயர்களையும் இலக்கிய ஆட்சிகளையும் தந்து இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. எனினும் 'கொடிவகை', 'மரவகை' என்ற வாய்பாட்டிலிருந்து தமிழ் அகராதிக்கலை எளிதில் விடுபடவில்லை. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியே, வாழும் வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்து பொருளை விளக்கும் முறையை உறுதியாக நிறுவியது. அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் இடம்பெற்றன என்பது நமக்கு மகிழ்ச்சிக்குரியது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. சுரைக்காயை அறியாத ஒருவர் அகராதியைப் பார்க்கிறார். 'கொடிவகை' என்று அறிகிறார். அவர் அறிந்தது என்ன? பாகலும் கொடி, புடலும் கொடி, அவரையும் கொடி. சுரையை இவற்றினின்று பிரித்தறிவிக்கும் செய்தி எதுவும் அச்சொல்லில் இல்லை. சுரைக்காய் மிதக்கும், முற்றினால் ஓடு தடிக்கும், உலர்ந்தால் உள்ளே விதை குலுங்கும், சில காய்கள் கசக்கும் என்பன சுரைக்காயோடு பழகிய எவரும் அறிந்தவை. தமிழ் நூல்களைப் படிப்பதற்கு வேண்டியவையும் இவையே. இதற்கு இரு சான்றுகள் கூறலாம்.

முதற்சான்று இலக்கணத்திலிருந்து கிடைக்கிறது. செய்யுளில் சொற்கள் இடம்மாறி நிற்பதைச் சுண்ணம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் கூறும். நன்னூலார் மொழிமாற்று என்பர். இரண்டிற்கும் உரையாளர்கள் காட்டும் பழைய உதாரணம் ஒன்றே. ஒரு கானக நாட்டுத் தலைவனது சுனையைப் பாடும் அச்செய்யுளைச் சொற்கள் நின்ற முறையிலேயே கொண்டால், நீரில் சுரை மூழ்குவதாகவும் அம்மிக்கல் மிதப்பதாகவும், யானைக்கு நிலைகொள்ளாத நீர் முயலுக்கு நிலைகொள்வதாகவும் பொருள்படும். கற்போன் சொற்களை மாற்றிக் கூட்டிச் சுரை மிதக்க அம்மி ஆழ்ந்தது என்று கொள்ளவேண்டும். அவ்வாறு மாற்றவேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரிகிறது? செய்யுளுக்குள் அதற்கு எவ்விதக் குறிப்பும் இல்லை. குளத்திலும் ஆற்றிலும் சுரைக்குடுக்கை மிதப்பதைக் கண்ட அறிவு மட்டுமே வழிகாட்டுகிறது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், மாணவனின் வீட்டு அறிவை நம்பியே இவ்வுதாரணத்தை ஆண்டிருக்கிறார். சுரை மிதக்கும் என்று அறியாத மாணவனுக்கு இச்செய்யுள் பொருளற்ற பிதற்றலாகவோ, விந்தையான கற்பனையாகவோ தோன்றும். ஏட்டைத் திறக்கும் திறவுகோல் இங்கு தோட்டத்தில் இருக்கிறது.

இரண்டாவது சான்று நாலடியாரில் உள்ளது. எத்துணைக் கற்றாலும் அடங்காதவர் அடங்கார் என்பதற்கு அந்நூல் பேய்ச்சுரையை உவமை காட்டுகிறது. எத்தனை சேர்மானங்களைப் பெய்து சமைத்தாலும் பேய்ச்சுரையின் கைப்பு நீங்காது என்பது அதன் கருத்து. இதனைக் கற்பனை என்று தள்ளுதல் இயலாது. சுரை, வெள்ளரி, பாகல் முதலியன அடங்கிய குடும்பத்துத் தாவரங்களில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. அது மிகுந்த சுரைக்காயை உண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். சமைப்பதனால் அது நீங்குவதில்லை. சுரைக்காயை நறுக்கும்போதே ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இவ்வறிவின் பாற்பட்டது. நாலடியாரை இயற்றியோர் சமணத் துறவிகள் என்பது மரபு. அத்துறவிகளின் நீதிக்கும் அடுக்களையின் அறிவே அடிப்படையாயிற்று. இவ்வுவமையில் கல்வி சுரைக்காயாக வரவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். இங்கு கல்வி சேர்மானம்; கற்பவனே காய். பழமொழி ஏட்டை ஐயுறுகிறது. நாலடியார் ஏட்டைக் கற்பவனை ஐயுறுகிறது.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் இக்கரையோர ஊர்களில் இச்சொல்லுக்கு மற்றொரு கனமும் உண்டு. தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டுள்ளது. வாற்கோதுமை ரொட்டியும், உலர்ந்த இறைச்சியும் சுரைக்காயும் சேர்ந்த ஆணமும் அங்கு வைக்கப்பட்டன. தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளை நபியவர்கள் தேடியெடுத்து உண்டதைக் கண்ட அனஸ், அன்றுமுதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார். ஒரு காயை மலிவான கறியென்று ஒதுக்காமல் அன்போடு நினைவுகூர இச்செய்தி காரணமாகிறது. ஏட்டில் எழுதப்பட்ட ஒரு சுரைக்காய் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மக்களின் உணவு விருப்பத்தைத் தீண்டுகிறது எனின், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியது என்றே கூறவேண்டும்.

அந்த ஹதீஸில் காயைக் குறிக்கும் அரபுச் சொல் 'துப்பா' என்பதாகும். இதே சொல் வேறோர் அறிவிப்பிலும் வருகிறது. அப்துல் கைஸ் குலத்தாரின் தூதுக்குழுவினர் நபியவர்களிடம் வந்தபோது, பானம் ஊறவைக்கும் நான்கு வகைக் கலங்களைப் பயன்படுத்த வேண்டாமெனத் தடுக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்று துப்பா. போதையூட்டாத எதனையும் எக்கலத்திலும் அருந்தலாம் என்ற தளர்வு பின்னர் வழங்கப்பட்டது. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'சுரைக்காய்' என்று மட்டும் எழுதிவிட்டால், ஓரிடத்தில் விரும்பி உண்ணப்பட்ட காய் மற்றோரிடத்தில் விலக்கப்பட்டதாகப் படிப்போர் மயங்குவர். 'சுரைக்குடுக்கை' என்று எழுதினால் மயக்கம் தீரும். அரபில் ஒரு சொல் காயையும் கலத்தையும் தழுவி நிற்க, தமிழ் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. சுரைக்குடுக்கை என்னும் சொல் வழக்கொழியுமாயின், மொழிபெயர்ப்பாளர் கையிலிருந்து ஒரு கருவி நழுவும்.

அல்குர்ஆனில் நபி யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறும் இவ்வாராய்ச்சிக்கு உரியது. மீன் வயிற்றிலிருந்து வெட்டவெளியில் எறியப்பட்ட அவர்மீது 'யக்தீன்' என்னும் தாவரம் முளைப்பிக்கப்பட்டதாக 37ஆம் அத்தியாயத்தில் வருகிறது. தண்டின்றித் தரையில் படரும் எச்செடியையும் யக்தீன் குறிக்கும் என்று கூறுவோர் உளர். சுரையே என்று கொண்ட விரிவுரையாளர் பலர். தமிழ்ப் பெயர்ப்புகளிற் பல 'சுரைக்கொடி' என்றே கூறுகின்றன. விரைந்து படர்வதும் அகன்ற இலையுடையதுமான சுரை, நலிந்து கிடப்பவர்க்கு நிழலாவதைக் கிழக்கிலங்கை வாசகர் எளிதிற் காண்பர். அதே வரலாறு விவிலியத்தில் யோனாவின் கதையாக வருகிறது. அங்கு பழைய தமிழ்ப் பெயர்ப்பு 'ஆமணக்கு' என்கிறது.

விவிலியத்தின் இவ்வொரு சொல் ஒரு காலத்தில் கலகமே விளைத்தது. பழைய இலத்தீன் பெயர்ப்பில் சுரை என்றிருந்ததை ஜெரோம் ஐவி என்னும் படர்கொடியாக மாற்றினார். இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரமாகிய ஓயாவில் புதிய பெயர்ப்பு வாசிக்கப்பட்டபோது சபையோர் கொதித்தெழுந்தனர் என்றும், ஆயர் தம் மக்களையே இழக்கும் நிலைக்கு வந்தார் என்றும் அகுஸ்தீன் 403ஆம் ஆண்டளவில் ஜெரோமுக்கு எழுதினார். அம்மக்கள் தாவரவியலுக்காகப் போராடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஒரு சொல்லின் நிழலில் அவர்கள் இருந்தனர். அந்நிழல் அகற்றப்பட்டதாக உணர்ந்தனர். ஏட்டுச் சுரைக்காய்க்கு இத்துணை வலிமை உண்டு.

இனி அன்றாட வழக்கிற்கு வருவோம். எழுத்தில் சுரைக்காய் என்பது பேச்சில் ஐகாரம் குறுகிச் 'சுரக்காய்' என ஒலிக்கும். தோல் சீவி, துண்டுகளாக்கி, தேங்காய்ப்பால் விட்டுப் பால்கறியாக ஆக்குவர். இறாலோ கூனியோ சேர்த்தால் கறியின் தரம் உயரும். தனித்து நிற்க ஆற்றலற்றதாய், சேர்ந்ததன் சுவையை ஏற்பது இக்காயின் இயல்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீராக இருப்பதே அதற்குக் காரணம். "ஒன்றுமில்லை, சுரைக்காய்க்கு உப்பில்லை" என்று ஒலி நயத்துக்காகக் கூறும் வழக்கொன்று தமிழ்நாட்டில் உண்டு. சொல்லத்தக்க செய்தி எதுவுமில்லை என்பதே அதன் கருத்து. "விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா" என்ற பழமொழியில் சுரை விதைத்ததற்கு மாறான விளைவைக் குறிக்கிறது. இவ்வாறு நம் வழக்கில் சுரை பெரும்பாலும் எளிமைக்கும் அற்பத்துக்கும் குறியாகவே நிற்கிறது. பழமொழி இயற்றியவர் பலாவையோ மாவையோ நாடாமல் சுரையைத் தேர்ந்தமை இதனாற் போலும். ஏட்டிலுள்ள பலாப்பழம் உதவாது என்றால் ஏக்கம் தோன்றும். ஏட்டிலுள்ள சுரைக்காய் உதவாது என்றால் நகைப்புத் தோன்றும்.

'கறி' என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். சங்க நூல்களில் அது மிளகைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பலரது பேச்சில் இறைச்சியைக் குறிக்கும். இலங்கையில் சோற்றோடு சேரும் எப்பண்டமும் கறியே. ஆதலின் காய்கறியை நாம் மரக்கறி என்கிறோம். 'சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பதைக் கறி என்றால் இறைச்சி என்று மட்டும் பழகியவர் கேட்டால் ஒரு கணம் தயங்குவார். நமக்கு அத்தயக்கம் இல்லை. பழமொழியும் இடத்துக்கிடம் சற்றே நிறம் மாறுகிறது.

இப்போது பழமொழியை மீண்டும் படிக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் 'கறிக்கு' உதவாது என்பதே அதன் வாசகம். நான்காம் வேற்றுமை உருபு இங்கு ஓர் எல்லையை வகுக்கிறது. கறியின் பொருட்டு அது உதவாது. எதன் பொருட்டும் உதவாது என்று பழமொழி சொல்லவில்லை. பசித்தவனிடம் சுரைக்காய் என்று எழுதிய ஓலையை நீட்டுபவன் மூடன். அவனது மூடத்தனம் ஓலையில் எழுதியதில் இல்லை; ஓலையைக் காயாகக் கருதியதில் இருக்கிறது. இந்த நுண்ணிய கண்டனத்தைக் கலைத்துறைக் கல்வி முழுவதற்குமான தீர்ப்பாக விரிப்போர், பழமொழியின் ஒரு சொல்லைத் தவறவிட்டே அவ்வாறு செய்கின்றனர். விதையைப் பாதுகாக்கவும், கசப்புக் காயை எச்சரிக்கவும், மறைந்த கலத்தின் பெயரை நினைவில் வைக்கவும், தொலைதூரத்து விருந்தொன்றை நம் அடுக்களைக்குக் கொண்டுவரவும் ஏட்டுச் சுரைக்காய் உதவியிருக்கிறது. இவற்றைச் சட்டியிலுள்ள சுரைக்காய் செய்யாது.

மிதக்கும் இயல்பை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். சுரையின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆயினும் அமெரிக்கக் கண்டங்களில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பயன்பாட்டில் இருந்தது. கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்த காயின் விதைகளும் முளைக்கும் என்பது சோதனைகளால் அறியப்பட்டது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அத்திலாந்திக் நீரோட்டங்களில் மிதந்தே அது அங்கு சென்றிருக்கவேண்டும் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு முடிவு செய்தது. சுரை மிதக்கும் என்ற பாமர அறிவும், உரையாளர் காட்டிய செய்யுளும், ஆய்வுகூடத்தின் முடிவும் ஒரே உண்மையைத் தொடுகின்றன. அறிவை ஏட்டறிவு, பட்டறிவு என இரண்டாகப் பிளந்து ஒன்றை மற்றதற்கு எதிரே நிறுத்துவது எவ்வளவு செயற்கையானது என்பதை இது காட்டும்.

எனினும் பழமொழியின் கண்டனம் முற்றாக நம்மைத் தொடாது என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. சங்கத் திணைகளின் கருப்பொருள்களை மனனஞ்செய்து எழுதும் நாம், அப்பட்டியலிலுள்ள மரத்தையும் பறவையையும் கண்டறிய முயல்வதில்லை. 'கொடிவகை' என்று எழுதிய அகராதியைக் குறைகூறும் நாமே, பரீட்சைத் தாளில் 'ஒரு வகைப் பறவை' என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். இத்தகைய கல்விக்கு ஏட்டுச் சுரைக்காய் என்ற பெயர் பொருந்தும். தவறு ஏட்டில் இல்லை. ஏட்டிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து ஏட்டுக்கும் போகும் பாதையை நாம் தூர்ந்துபோக விட்டதில் இருக்கிறது.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக நிலைபெற்ற நிறுவனம் ஒலுவிலில் வயலுக்கும் கடலுக்கும் இடையே அமைந்திருக்கிறது. அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களின் உழவரும் மீனவரும் சமையற்காரரும் ஆளும் சொற்கள் அதன் வாயிலிலேயே உள்ளன. பிளாஸ்டிக் கலன்கள் வந்தபின் சுரைக்குடுக்கை மறைந்தது. அதனோடு அதனை உலர்த்தும், துளையிடும், விதை நீக்கும் செயல்களுக்குரிய சொற்களும் மறைகின்றன. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் உளர். ஓர் ஊரின் காய்களுக்கும் கலங்களுக்கும் கறிகளுக்கும் உரிய சொற்களை, யார், எப்பொருளில், எவ்வாக்கியத்தில் ஆள்கின்றனர் என்ற குறிப்போடு தொகுப்பது தமிழ் பயிலும் மாணவரால் இயலாத பணியன்று. பெரிய நிதியும் அதற்கு வேண்டாம். கேட்கும் பொறுமையும் எழுதும் ஒழுங்கும் போதும்.

அத்தொகுப்பைக் கொண்டு எவரும் கறி சமைக்கப் போவதில்லை. ஆனால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, சுரை மூழ்க அம்மி மிதப்பதாகப் பொருள்படும் அச்செய்யுளைப் படிக்கும் ஒரு மாணவிக்கு, சொற்களை ஏன் மாற்றிக் கூட்டவேண்டும் என்பது அதிலிருந்து விளங்கும்.